முறிந்த ஷாப்டை எடைக்குப் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரைக்குடி வட்டாரத்தில் ஓர் அரிசி ஆலையில் நெல்லை மேலே ஏற்றும் எலிவேட்டரை ஓட்டும் ஷாப்ட் (சுழல் தண்டு) முறிந்து, அதில் மாட்டிய புல்லி (பெல்ட் சக்கரம்) தெறித்துச் சுவரில் மோதிய செய்தியை உங்கள் மாவட்டப் பக்கத்தில் படித்தேன். நல்லவேளை, யாருக்கும் அடி படவில்லை. ‘நன்றாக ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தின் ஷாப்ட் திடீரென முறிந்தது’ என்று அதில் இருந்தது. ஆலைக்காரர் சொன்னதைத்தான் நிருபர் எழுதியிருப்பார். அவர் மேல் குறை ஒன்றுமில்லை. ஆனால், சுழலும் ஷாப்ட் பெரும்பாலும் திடீரென முறிவதில்லை. அது முறியத் தொடங்கிப் பல வாரங்கள், ஏன், பல மாதங்கள்கூட ஆகியிருக்கலாம். கடைசி நொடி மட்டும்தான் நம் கண்ணில் பட்டது.

ஒரு பொறியியல் கல்லூரியின் பொருள் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இரும்பையும் அலுமினியத்தையும் இழுத்தும் வளைத்தும் சுழற்றியும் உடைப்பது, உடைந்த முகத்தை மாணவர்களுக்குக் காட்டி விளக்குவது, இதுதான் எனக்குத் தெரிந்த தொழில். இப்போது புதுவயலில் இருக்கிறேன். இங்கே அரிசி ஆலைகளுக்குக் குறைவில்லை என்பது உங்கள் வாசகர்களுக்குத் தெரியும். ஏதாவது முறிந்தால், “அண்ணே, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க” என்று கூப்பிடுவார்கள். போய்ச் சேர்வதற்குள் பாதி நேரம் முறிந்த துண்டு பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும். அல்லது லேத்தில் முகத்தைக் கடைந்து தள்ளிவிட்டு, இரண்டு துண்டையும் சேர்த்து வெல்டிங் வைத்திருப்பார்கள். இந்தக் கடிதத்தை எழுத முக்கியக் காரணமே அதுதான்.

முறிந்த முகத்தை வெயிலில் சாய்த்துப் பார்த்தால் இரண்டு பகுதிகள் தெளிவாகத் தெரியும். ஒரு பகுதி வழவழப்பாக, மங்கலான சாம்பல் நிறத்தில், ஓரத்தில் கொஞ்சம் துருவேறி இருக்கும். விரிசல் மெல்ல மெல்ல வளர்ந்த பகுதி அது. அது பெரும்பாலும் கீ வே (புல்லியைப் பூட்டுவதற்கான பள்ளம்) வெட்டிய மூலையிலோ, பேரிங் உட்கார ஸ்டெப் கடைந்த (தடிமனைக் குறைத்துப் படி மாதிரி ஆக்கிய) இடத்திலோ தொடங்கும். அந்த வழவழப்பில் வளைவு வளைவாகக் கோடுகள் இருக்கும், கோடையில் ஊருணித் தண்ணீர் இறங்க இறங்கப் படிக்கட்டில் அடுத்தடுத்து நிற்கிற நீர்க்கோடுகள் மாதிரி. மில் நின்று ஓடியதும், பாரம் கூடிக் குறைந்ததும் அந்தக் கோடுகளில் பதிவாகியிருக்கிறது. மறுபகுதி சொரசொரப்பாக, மணல் மணலாக மின்னும். அதுதான் கடைசியில் ஒரே அடியில் முறிந்த பகுதி.

எது எவ்வளவு இருக்கிறது என்பதில்தான் சேதி இருக்கிறது. சொரசொரப்பான பகுதி பெரிதாக இருந்தால் பாரம் நிஜமாகவே அதிகம். அது சின்னதாக ஒரு மூலையில் ஒதுங்கிக் கிடந்தால், விரிசல் ஷாப்டின் பெரும்பகுதியைத் தின்று முடிக்கும் வரை மிச்சமிருந்த இரும்பே பாரத்தைத் தாங்கியிருக்கிறது என்று அர்த்தம். அப்படிப்பட்ட ஷாப்டில் பாரம் ஒரு பிரச்சினையே இல்லை.

இது படிப்பாளிகள் பேசிக்கொள்ளும் விஷயம் மட்டுமில்லை. ஓர் ஆலையில் ஷாப்ட் முறிந்ததற்கு ‘ஓவர் லோடு ஏற்றிவிட்டாய்’ என்று ஆபரேட்டரின் சம்பளத்தில் பிடித்துவிட்டார்கள். இளைஞர், பக்கத்துக் கிராமத்துக்காரர். துண்டு அதிர்ஷ்டவசமாக மூலையில் கிடந்தது. துடைத்துப் பார்த்தேன். முகத்தில் முக்கால்வாசி வழவழப்பு. ஸ்டெப் கடைந்த இடத்தில் ரேடியஸே (மூலையில் விட வேண்டிய வளைவு) விடாமல் நேர்மூலையாக வெட்டியிருந்தார்கள், விரிசல் அங்கிருந்துதான் கிளம்பியிருந்தது. ஆலைக்காரரை உட்காரவைத்து லென்ஸில் காட்டினேன். நல்ல மனிதர், புரிந்துகொண்டு பிடித்த பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்தத் துண்டு எடைக்குப் போயிருந்தால் அந்தப் பையன் பெயர் கெட்டதுதான் மிச்சம்.

கணக்கையும் கொஞ்சம் பார்க்கலாம். ஷாப்ட் நிமிடத்துக்கு 300 சுற்று ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெல்ட் ஒரு பக்கமாக இழுப்பதால், ஒவ்வொரு சுற்றிலும் ஷாப்டின் மேற்பரப்பு ஒரு முறை இழுபடுகிறது, ஒரு முறை அமுங்குகிறது. பத்து மணி நேரம் ஓடினால் நாளொன்றுக்கு 1,80,000 முறை. ஆறு நாளில் பத்து லட்சத்தைத் தாண்டிவிடும். விரிசல் ஒரு சுற்றுக்கு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நகர்ந்தால்கூட ஒரு நாளில் 0.18 மில்லிமீட்டர் ஆகிவிடுகிறது. நீளம் கூடக் கூட வேகமும் கூடும். ஒரே தடவையில் இந்த ஷாப்டை முறிக்கத் தேவையான பாரத்தில் பாதிகூட இல்லாத பாரம், லட்சக்கணக்கான தடவை திரும்பத் திரும்ப வந்தால் முறித்துவிடும். உலோகச் சோர்வு என்று நாங்கள் சொல்வது இதைத்தான்.

இந்தப் பாடத்தை உலகம் ரயிலில்தான் படித்தது. 1842 மே 8 அன்று பிரான்சில் வெர்சாயிலிருந்து பாரிஸுக்குத் திரும்பிய ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்து, பெட்டிகள் தீப்பற்றி ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதிர்ந்து அதிர்ந்து இரும்பு உள்ளுக்குள்ளே படிகமாக மாறிவிடுகிறது என்றுதான் அப்போது பலர் நம்பினார்கள். முறிந்த முகத்தின் மினுமினுப்பு அப்படி நம்ப வைத்தது. அடுத்த ஆண்டே ராங்கின் என்ற ஸ்காட்லாந்துப் பொறியாளர், முறிவு மூலையில் தொடங்கி மெல்ல மெல்ல உள்ளே போவதைக் காட்டினார். மூலைகளை வளைவாகக் கடையச் சொன்னார். அப்புறம் ஜெர்மனியில் ரயில்வே பொறியாளர் வோலர் பல ஆண்டுகள் அச்சுகளைச் சுழற்றிச் சுழற்றி முறித்து, எந்தப் பாரத்துக்கு எத்தனை சுற்று தாங்கும் என்று கணக்கு எழுதினார். என் சோதனைக்கூடத்தில் இருந்த சுழல் வளைவு இயந்திரம் அவர் வழியில் வந்ததுதான். ராங்கின் சொன்ன அந்த ரேடியஸ் இல்லாமலேயே நம் பட்டறைகளில் இன்னமும் கடைகிறார்களே என்பதுதான் எனக்குத் தாங்க முடியாத வருத்தம்.

சரி, முறிந்த முகத்தில் இவ்வளவு படிக்க முடிகிறதே, வேறு என்ன வேண்டும் என்று கேட்கலாம். முறிந்த முகம் எல்லாம் நடந்து முடிந்த பிறகுதான் கைக்கு வரும். விரிசல் போகும்போது எங்கே தயங்கியது, எதைச் சுற்றிக்கொண்டு போனது, எப்போது வேகம் பிடித்தது என்பதெல்லாம் அதில் பாதி அழிந்திருக்கும். வெளிப்பரப்பை நுண்ணோக்கியில் வைத்துக் கண்காணிக்கலாம், ஆனால் அங்கே தெரிவது விரிசலின் ஓரம் மட்டும். உள்ளே அது எந்த வடிவத்தில் இருக்கிறது என்று பார்க்க, துண்டை அறுத்துத் தேய்த்துப் பாலிஷ் போட வேண்டும். அறுத்துவிட்டால் அந்த விரிசல் அதற்கு மேல் வளர்வதைப் பார்க்க வழியில்லை. நான் வேலையில் இருந்த காலம் முழுக்க இந்தச் சிக்கல்தான்.

என்னிடம் படித்த மாணவர் ஒருவர் வெளிநாட்டில் இந்தத் துறையில் ஆராய்ச்சி செய்கிறார். ஊருக்கு வந்திருந்தபோது வீட்டுக்கு வந்து, முகப்பில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தார். திரையில் ஒரு சின்ன வார்ப்பிரும்புத் துண்டு. இரும்பை மட்டும் கண்ணாடி மாதிரி மங்கலாக்கிவிட்டு, உள்ளே உள்ள கிராஃபைட் (கரி) உருண்டைகளையும் விரிசலையும் மட்டும் நிறம் கொடுத்துக் காட்டினார். அவர் விரலால் திருப்பத் திருப்ப விரிசல் முழுதாகத் திரும்பியது. “சார், நீங்க எங்களுக்கு உடைஞ்ச முகத்தைக் காட்டினீங்க. இது உடையறதுக்கு முன்னாடி” என்றார்.

விரிசல் என்றால் ஒரு தட்டையான பரப்பு, அதன் முன்விளிம்பு ஒரு சீரான வளைவு என்றுதான் கரும்பலகையில் வரைந்து காட்டுவேன். புத்தகங்களிலும் அப்படித்தான் இருக்கும். திரையில் இருந்த முன்விளிம்பு கோணல்மாணலாக இருந்தது. ஓர் இடத்தில் முன்னே நீண்டிருக்கிறது, பக்கத்திலேயே ஓர் உருண்டை அருகில் பின்தங்கி நிற்கிறது. வெளிப்பரப்பில் இரண்டு தனித்தனி விரிசல்களாகத் தெரிந்தவை உள்ளே ஒன்றாகச் சேர்ந்திருந்தன. வெளியே ஸ்கேல் வைத்து அளந்து ‘இதோ இவ்வளவு நீளம்’ என்று எழுதிக்கொள்வதில் எவ்வளவு விட்டுப்போகிறது என்று அப்போது கண்ணாரப் பார்த்தேன்.

திரையில் பார்த்த அந்தப் படத்தின் அடிப்படை நம் ஊர் ஸ்கேன் சென்டர்களில் இருக்கும் சி.டி. ஸ்கேன்தான். எக்ஸ்ரேயை ரான்ட்ஜன் 1895 நவம்பரில் கண்டுபிடித்தார். ஆனால் ஒரு எக்ஸ்ரே படத்தில் முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்துவிடும். பல கோணங்களில் படம் எடுத்து, உள்ளே ஒவ்வொரு புள்ளியிலும் கதிர் எவ்வளவு தடுக்கப்பட்டது என்று கணக்கிட்டு உருவத்தை மீட்கலாம் என்பதை, தனித்தனியாக வேலை செய்த கோர்மாக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டும் நிலைநாட்டினார்கள். 1971 அக்டோபரில் லண்டனில் முதல் நோயாளிக்கு மூளை ஸ்கேன் எடுத்தார்கள். 1979இல் இருவருக்கும் மருத்துவத்துக்கான நோபல் பரிசு. மருத்துவமனையில் நோயாளி படுத்திருக்க, கருவி அவரைச் சுற்றும். உலோக ஆய்வில் கருவி நிலையாக இருக்கும், துண்டு சுழலும். ஒரு சுற்றுக்குள் ஆயிரக்கணக்கில்கூடப் படம் எடுப்பார்கள். அதிலிருந்து கணினி ஒவ்வொரு நுண்ணிய கனசதுரத்துக்கும் ஒரு மதிப்புப் போட்டு முழு உருவத்தையும் கட்டிவிடும். துண்டில் ஒரு கீறல்கூடப் போட வேண்டியதில்லை. அதனால் அதே துண்டைத் திரும்பவும் பாரத்தில் போட்டு, இன்னும் சில ஆயிரம் முறை இழுத்துவிட்டு, மறுபடி படம் எடுக்கலாம். விரிசல் எங்கிருந்து எங்கே போனது என்று அடுத்தடுத்து வைத்துப் பார்க்கலாம்.

“அப்ப காரைக்குடி ஸ்கேன் சென்டர்ல நம்ம ஷாப்டைக் கொண்டுபோய் வெச்சாப் போதுமே” என்று ஓர் ஆலைக்காரர் கேட்டார். நல்ல கேள்விதான். ஆனால் அது நடக்காது. அந்தக் கருவி உடம்புக்காகச் செய்தது. தடித்த இரும்பு அந்தக் கதிரை அப்படியே விழுங்கிவிடும், படத்தில் கோடுகோடாகத்தான் வரும். அப்படியே ஊடுருவினாலும், அது பிரித்துக் காட்டுவது அரை மில்லிமீட்டர் அளவைத்தான். சோர்வு விரிசலின் வாய் ஒன்றிரண்டு மைக்ரான்தான் திறந்திருக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்). நம் தலைமுடியின் தடிமன் எழுபது மைக்ரான் சொச்சம்.

இதற்குத்தான் சிங்க்ரோட்ரான் என்ற பெரிய கருவி வேண்டியிருக்கிறது. எலக்ட்ரான்களை ஒளியின் வேகத்துக்கு மிக அருகில் ஒரு வளையத்தில் சுற்றவிட்டால், அவை வளையும் இடங்களில் மிகச் செறிவான எக்ஸ்ரே கிளம்பும். பிரான்சில் கிரனோபிளில் உள்ள வளையத்தின் சுற்றளவு 844 மீட்டர். நம் நாட்டில் இந்தூரில் இந்தஸ்-2 இருக்கிறது. சுற்றளவு சுமார் 172 மீட்டர், 2.5 கிகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல். இப்படிப்பட்ட கதிரில் ஒரு மைக்ரான், அதற்கும் கீழே என்ற அளவில்கூடப் படம் எடுக்க முடிகிறது. கதிரின் அலைகள் ஒத்திசைந்து வருவதால், விரிசலின் விளிம்பில் கறுப்பு வெள்ளை வேறுபாடு கூடுதலாக விழும். அதனால் ஒரு கனசதுரத்தைவிட மெல்லிய விரிசல்கூடக் கோடாகத் தெரிந்துவிடும்.

என்னை மிகவும் கவர்ந்தது அந்தச் சின்ன இழுவைக் கருவி. பாரம் இல்லாதபோது விரிசல் வாயை மூடிக்கொள்ளும், மூடினால் படத்தில் தெரியாது. அதனால் துண்டை இழுத்துப் பிடித்தபடியே சுழற்றிப் படம் எடுக்க வேண்டும். இழுப்பதற்கு இரும்புச் சட்டம் வைத்தால் அது கதிரை மறைக்கும். பிரான்சில் லியோன் நகரப் பொறியியல் கல்வி நிறுவனத்தில் பஃபியேர் குழுவினர், சட்டத்துக்குப் பதிலாக ஓர் அக்ரிலிக் குழாய் வைத்தார்கள். குழாய் பாரத்தைத் தாங்கும், எல்லாப் பக்கமும் எக்ஸ்ரேயைத் தாராளமாக விடும். துண்டு அதற்குள் நிற்கும். சோர்வுச் சோதனை முழுவதையும் எக்ஸ்ரே பாதையிலேயே நடத்திவிடலாம். என் கூடத்தில் அறையின் பாதியை அடைத்துக்கொண்டு நின்ற இயந்திரம் செய்த வேலை, கையில் எடுத்துப் போகும் அளவுக்கு வந்துவிட்டது.

இதனால் தீர்ந்த பழைய வழக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பால் பாரிஸ் என்ற அமெரிக்கர் 1960களின் தொடக்கத்தில், விரிசல் முனையில் அழுத்தம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதை வைத்து, ஒரு சுற்றுக்கு விரிசல் எவ்வளவு வளரும் என்று கணிக்கும் விதியைக் கொடுத்தார். இன்றும் பொறியாளர்கள் அதைத்தான் எடுத்துப் போட்டுக் கணக்குப் பார்க்கிறார்கள். 1970இல் எல்பர் என்பவர் ஒன்றைக் கவனித்தார். பாரம் முழுதும் இறங்குவதற்கு முன்பே விரிசலின் இரண்டு முகங்களும் ஒன்றையொன்று தொட்டுவிடுகின்றன. விரிசல் கடந்து வந்த வழியில் நீண்டுபோன உலோகம் துருத்திக்கொண்டு நிற்பதுதான் காரணம். ஆகவே ஏறும் பாரத்தில் ஒரு பகுதி மூடிய வாயைத் திறப்பதிலேயே செலவாகிவிடுகிறது, மீதிதான் விரிசலை வளர்க்கிறது. உள்ளே உண்மையில் எங்கே தொடுகிறது, எந்தப் பாரத்தில் திறக்கிறது என்பது மட்டும் பல ஆண்டுகள் வாக்குவாதமாகவே இருந்தது. வெளியே ஒட்டிய கேஜ் (நீட்சியை அளக்கும் பட்டை) சொல்வதை வைத்து ஊகித்துக்கொண்டிருந்தோம். 1990களில் அமெரிக்காவில் அலுமினியம்-லித்தியம் கலவைத் துண்டை இழுத்தபடியே எக்ஸ்ரே எடுத்து, உட்புறத்தில் எந்தெந்த இடம் தொட்டுக்கொண்டிருக்கிறது, எது திறந்திருக்கிறது என்று நேராகவே காட்டிவிட்டார்கள். எல்லா இடமும் ஒன்றாகத் திறப்பதில்லை. ஒரு மேடு இங்கே தொடும், அங்கே ஒரு பள்ளம் திறந்தே கிடக்கும்.

அலுமினியத்தில் வேறொரு வித்தை செய்தார்கள். உலோகத்துக்குள் பல சின்னப் படிகக் குருணைகள் இருக்கும், அவற்றின் எல்லை எக்ஸ்ரேயில் தெரியாது. கேலியம் என்ற உலோகத்தைத் திரவமாகத் தடவினால் அது அந்த எல்லைகள் வழியே உள்ளே இறங்கிவிடும். கேலியம் எக்ஸ்ரேயை அதிகம் தடுப்பதால் எல்லைகள் எல்லாம் வெள்ளைக் கோடாகத் தெரியும். விரிசல் ஒவ்வொரு குருணை எல்லையிலும் எப்படி நின்றது, திசை மாறியது என்று பார்த்தார்கள். துண்டு அதோடு வீணாகிவிடும்தான். இப்போது கேலியம் இல்லாமல், சிதறும் கதிரை வைத்தே குருணைகளை வரைகிற முறை வந்துவிட்டது.

சரி, மைக்ரான் கணக்கும் மில்லிமீட்டர் துண்டும் புதுவயல் மில்லுக்கு எதற்கு என்ற கேள்வி நியாயமானது. மில் ஷாப்டையே கொண்டுபோய் அப்படிப் படம் எடுக்க முடியாது, அதை ஒளிக்காமல் சொல்கிறேன். படம் பிடிக்கும் தட்டில் குறுக்கே 2,000 புள்ளிகள் இருந்தால், 50 மில்லிமீட்டர் ஷாப்டை அதில் அடக்கும்போது ஒரு புள்ளிக்கு 25 மைக்ரான் வந்துவிடும். இரண்டு மைக்ரான் விரிசல் அதில் தெரியாது. போதாக்குறைக்கு 50 மில்லிமீட்டர் இரும்பை ஊடுருவ மிக வலுவான கதிர் வேண்டும். பெரிய உருப்படிகளுக்கு அல்ட்ராசோனிக், காந்தத் துகள், சாயச் சோதனை, இவைதான் வழி. முப்பரிமாண எக்ஸ்ரேயின் பலன் வேறு வழியில் நமக்கு வந்து சேர்கிறது.

வார்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஆலைகளில் புல்லி, பேரிங் ஹவுசிங், கியர் பாக்ஸ் மூடி எல்லாம் வார்ப்புதான். வார்ப்பு உறையும்போது உள்ளே சுருங்குவதால் ஓட்டைகள் விழும். அறுத்துப் பார்த்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரியும், ‘இவ்வளவுதானே, ஓடிடும்’ என்று விட்டுவிடுவார்கள். முப்பரிமாணத்தில் பார்த்தபோதுதான், தனித்தனிப் புள்ளிகள் பலவும் ஒரே ஓட்டையின் கிளைகள் என்று தெரிந்தது. கிளைத்துப் பரவிய ஒரு பெரிய ஓட்டையைச் சமதளமாக வெட்டினால் தனித்தனியாகத்தான் தெரியும். வார்ப்பு அலுமினியத்தில் சோர்வு விரிசல் பெரும்பாலும் மேற்பரப்பை ஒட்டியுள்ள பெரிய ஓட்டையிலிருந்துதான் கிளம்புகிறது. ஆக, எத்தனை ஓட்டை என்று எண்ணுவதைவிட, பெரியது எது, மேற்பரப்பிலிருந்து எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று பார்ப்பது முக்கியம். வார்ப்படத் தொழில் நடத்துகிறவருக்கு இது காசு மிச்சப்படுத்தும் சேதி. எதைத் தள்ள வேண்டும், எதைத் தள்ள வேண்டியதில்லை என்று தெரிகிறதே.

உள்ளே இருப்பது தெரியாததால் வந்த பெரிய இழப்பு ஒன்றும் நினைவில் இருக்கிறது. 1998 ஜூன் 3 அன்று ஜெர்மனியில் எஷேட என்ற ஊரில் அதிவேக ரயில் தடம் புரண்டு 101 பேர் இறந்தார்கள். ஒரு சக்கரத்தின் வெளிப்பட்டை சோர்வு விரிசலால் பிளந்ததுதான் தொடக்கம். விரிசல் அந்தப் பட்டையின் உட்பக்கத்தில் பிறந்து வெளியே வளர்ந்திருந்தது. வெளியே நின்று பார்க்கிற கண்ணுக்கு அது படாது.

இதைக் காரைக்குடிக்காரர்கள் கேட்க வேண்டிய காரணம் ஒன்று உண்டு. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் இங்கே சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) வந்தது. 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். உலோக அரிமானத்தில் (துருப்பிடித்து அரிபடுவது) நாட்டுக்கே வழிகாட்டிய இடம் அது. அரிமானமும் சோர்வும் அண்ணன் தம்பி. துருவேறாத இடத்தில் எஃகுக்கு ஒரு கீழ் எல்லை உண்டு, அதற்குக் குறைவான பாரத்தில் கோடிக்கணக்கில் சுற்றினாலும் பெரும்பாலும் முறியாது. உப்புக் காற்றும் ஈரமும் பட்டால் அந்த எல்லையே காணாமல் போய்விடும். துரு தோண்டிய சின்னக் குழியிலிருந்து விரிசல் கிளம்பும். நெல் அவிக்கும் தொட்டிப் பக்கம் ஆவியில் நனைந்துகொண்டே ஓடுகிற ஷாப்டுகள் சீக்கிரம் முறிவதற்கு இதுதான் காரணம் என்று நான் பார்த்த துண்டுகளை வைத்துச் சொல்கிறேன். குழி எப்போது விரிசலாக மாறுகிறது என்பதை அறுக்காமல் பார்க்க எக்ஸ்ரேயைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

எனவே அரசுக்கும் ஆராய்ச்சி நிலையங்களுக்கும் கல்லூரிகளுக்கும் உங்கள் நாளிதழ் வழியாக ஒரு கோரிக்கை. ஈயம் வேய்ந்த பெட்டிக்குள் அடங்கும் ஆய்வகச் சி.டி. கருவிகள் இப்போது கிடைக்கின்றன. சிங்க்ரோட்ரான் அளவுக்கு இல்லாவிட்டாலும், சின்ன உருப்படிகளில் சில மைக்ரான் வரை காட்டும். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிப்படி அனுமதி வாங்கி இயக்கலாம். காரைக்குடியில் அப்படியொரு பொதுச் சோதனை மையம் வேண்டும். இருக்கிற இடத்தில் வாரம் ஒரு நாளாவது சிறு பட்டறைக்காரர்களுக்கும் வார்ப்படக்காரர்களுக்கும் கட்டுப்படியாகும் கட்டணத்தில் திறந்துவிட வேண்டும். ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்ட வேண்டும். ஒரு விரிசலைத் திருப்பித் திருப்பிப் பார்த்த பிள்ளை, ஸ்டெப் கடையும்போது ரேடியஸ் விட மறக்காது.

ஆலைக்காரர்களுக்கும் லேத் பட்டறைக்காரர்களுக்கும் நேராகச் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. ஷாப்ட் முறிந்தால் துண்டை எடைக்குப் போடாதீர்கள். இரண்டு முகத்தையும் ஒட்டவைத்துப் பார்க்காதீர்கள், உரசினால் கோடுகள் அழிந்துவிடும். வயர் பிரஷ் போடாதீர்கள். லேசாக எண்ணெய் தடவிப் பிளாஸ்டிக் பையில் கட்டி, எந்த மெஷின், எந்தப் பக்கம், எத்தனை வருஷம் ஓடியது என்று ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். வருஷாந்திரப் பராமரிப்புக்கு மில்லை நிறுத்தும்போது கீ வே மூலையிலும் ஸ்டெப்பிலும் சாயச் சோதனை செய்யுங்கள். துடைக்க ஒன்று, சிவப்புச் சாயம் ஒன்று, வெள்ளைப் பூச்சு ஒன்று என்று மூன்று ஸ்ப்ரே டப்பாதான். சாயம் அடித்துக் கால் மணி நேரம் விட்டுத் துடைத்து, வெள்ளையை அடித்தால் விரிசல் இருக்கும் இடத்தில் சிவப்புக் கோடு தானாக எழும்பி வரும். அந்தக் கோடு வந்த ஷாப்டை அன்றைக்கே மாற்றிவிடுங்கள். அதன் மேல் வெல்டிங் வைத்து ஓட்டாதீர்கள். கீழே நின்று நெல் தள்ளுகிறவர்கள் தலைக்கு மேல்தான் அந்தப் புல்லி சுற்றுகிறது.

சாயச் சோதனை எப்படிச் செய்வது என்று புதுவயல், கண்டனூர், காரைக்குடி பக்கம் யார் கூப்பிட்டாலும் வந்து காட்டிக் கொடுக்கிறேன். காசு வேண்டாம். முறிந்த துண்டு இருந்தால் அதையும் எடுத்து வையுங்கள். என்னிடம் சேர்த்து வைத்திருக்கும் துண்டுகளையும், எந்தக் கல்லூரி சோதனைக்கூடமாவது மாணவர்களுக்குப் பயன்படுத்துவதாக இருந்தால், சீட்டுகளோடு அப்படியே கொடுத்துவிடத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொருள் சோதனைக்கூட ஊழியர்,
புதுவயல், சிவகங்கை மாவட்டம்.